துருக்கியக் குதிரை வார்த்தைகள்: திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விகள்

ரஷ்யன்ல குதிரைக்கு இருக்கற சாதாரண வார்த்தையே துருக்கியத்துல இருந்து வந்ததுன்னு ஒரு தடவை வாயை விட்டா போதும், உடனே பத்துக் கேள்வி வரும், அதுல எட்டு எப்பவும் ஒரே கேள்வி. அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு, எனக்குத் தெரிஞ்ச பதிலையும் போட்டு வச்சிருக்கேன். மேல இருந்து வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா கீழ வர்ற பதில்ல முன்னாடி சொன்னதை மறுபடி சொல்லல.

துருக்கியம்னா துருக்கி நாட்டுல பேசற மொழி தானே?

அது அந்தக் குடும்பத்துல ஒண்ணு, அவ்வளவு தான். அசர்பைஜானி, துர்க்மென், உஸ்பெக், கசாக், கிர்கிஸ், உய்குர், தாத்தார், வோல்கா ஆத்துப் பக்கம் சுவாஷ், சைபீரியாவுல யாகுத்னு பெரிய குடும்பம். நமக்கு திராவிட மொழின்னா தமிழ் மட்டும் இல்லைல்ல, அதே கதை தான். கீழ ‘துருக்கியம்’னு எழுதினா மொத்தக் குடும்பம், ‘துருக்கி மொழி’ன்னு எழுதினா இஸ்தான்புல்லுல பேசறதுன்னு எடுத்துக்கோங்க.

சரி, அவங்க குதிரையை என்னன்னு சொல்றாங்க?

பொதுவா ‘அத்’. ஆனா ஒரு கசாக் ஆளு கிட்ட போய் கேட்டா அவ்வளவு சுலபமா விட மாட்டார். குதிரைங்கற இனத்துக்கு ‘ஜில்கி’, ஏறிப் போற, காயடிச்ச குதிரை ‘அத்’, பொலிகுதிரை ‘அய்கிர்’, பெண் குதிரை ‘பியே’. குட்டி ‘குலின்’, ஒரு வயசு தாண்டினா ‘தய்’, அப்புறம் ‘குனான்’, ‘தோனென்’, ‘பெஸ்தி’ன்னு வயசு வாரியா பேர் மாறிட்டே போகும். யாகுத் மொழியில ‘சில்கி’ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அது கசாக் ‘ஜில்கி’யோட கூடப் பிறந்தது, நடுவுல சில ஆயிரம் கிலோமீட்டர் இருந்தாலும் சத்தம் ஒழுங்கா ஒத்துப் போகுது.

ஒரு மிருகத்துக்கு இத்தனை பேரு எதுக்கு, சும்மா பெருமைக்கா?

பெருமைக்கு இல்ல, பொழப்பே அது தான். மங்கோலியாவுல ஓர்கோன் ஆத்துப் பக்கம் 732ல நட்ட குல் தெகின் கல்வெட்டைப் பாருங்க. அவர் ஒரு இளவரசர், செத்த பிறகு அண்ணன் பில்கே ககான் வச்ச கல்லு. அதுல ஒவ்வொரு சண்டைக்கும் எந்தக் குதிரை மேல ஏறினார்னு எழுதி வச்சிருக்காங்க. சீனத் தளபதியோட நடந்த ஒரே சண்டையில முதல்ல ஒருத்தரோட சாம்பல் குதிரையில ஏறினார், அது அங்கயே செத்தது, ரெண்டாவது இன்னொருத்தரோட சாம்பல் குதிரை, அதுவும் செத்தது, மூணாவதா ஒரு பழுப்புக் குதிரை, அதுவும் அங்கயே செத்துப் போச்சுன்னு வரும். இன்னொரு சண்டையில பயிர்கு கூட்டத்தோட வெள்ளைப் பொலிகுதிரை, அதோட தொடை எலும்பு உடைஞ்சதுன்னு கூட எழுதியிருக்கு.

நம்ம ஊர் நடுகல்லுல வீரன் பேரும் ஊரும் இருக்கும். இவங்க குதிரையோட நிறம், சொந்தக்காரன் பேரு, எந்த எலும்பு உடைஞ்சதுங்கறது வரைக்கும் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. இப்படிப்பட்ட ஆளுங்க பக்கத்துல இருந்தா குதிரை வார்த்தை பக்கத்து மொழிக்குப் போகாம எங்க போகும்.

ரஷ்யன்ல ‘லோஷத்’னா குதிரை, அது நிஜமாவே துருக்கிய வார்த்தையா?

ஆமாங்க, பெரும்பாலான சொல்லாராய்ச்சிக்காரங்க ஒத்துக்கற விஷயம் தான். மூலம் ‘அலாஷா’, தாத்தார்ல காயடிச்ச குதிரைன்னு அர்த்தம். முன்னாடி இருந்த ‘அ’ விழுந்து பழைய ரஷ்யன்ல ‘லோஷா’ ஆச்சு, அது கூட ரஷ்யன் விகுதி ஒண்ணு ஒட்டிக்கிச்சு. உக்ரைன் மொழியில ‘லோஷா’ன்னா இன்னைக்கு குட்டிக் குதிரை. வோல்கா பக்கம் இருக்கற எர்சியா, மோக்‌ஷா மொழிகள் துருக்கியமும் இல்ல ஸ்லாவும் இல்ல, ஃபின்னிஷ் பக்கத்து உறவு, அங்கயும் குதிரைக்கு ‘அலாஷா’ தான், ‘அ’ கூட விழல.

இதுக்கு ஒரு பழைய சாட்சி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1103ல ரஷ்ய இளவரசர்கள் கூடிப் பேசறாங்க, போலோவ்ட்ஸி கூட்டத்து மேல படையெடுக்கலாமான்னு. போலோவ்ட்ஸிங்கறவங்க துருக்கிய மொழி பேசின, ஸ்டெப்பிங்கற பெரிய புல்வெளியில வாழ்ந்த ஆளுங்க. ‘இது வசந்தம், உழவு நேரம், குடியானவன் குதிரையைப் பிடுங்கிட்டுப் போகக் கூடாது’ன்னு சிலர் இழுக்கறாங்க. அதுக்கு அந்த இளவரசர்கள்ல ஒருத்தரான விளாதிமிர் மோனமாக், ‘உழற குதிரைக்குப் பரிதாபப்படறீங்களே, அவன் ஏரைப் பிடிக்கற நேரத்துல போலோவ்ட்ஸி வந்து அம்பால அடிச்சுட்டு அந்தக் குதிரையையே ஓட்டிட்டுப் போனா என்ன பண்ணுவீங்க’ன்னு கேக்கறார். அந்த வரியில குதிரைக்கு வர்ற வார்த்தை ‘லோஷத்’. துருக்கியர் குதிரையைத் திருடறாங்கன்னு சொல்ற வாக்கியத்துல அந்தக் குதிரைக்கு துருக்கியப் பேரு.

அதுக்கு முன்னாடி ரஷ்யன்ல குதிரைக்கு வார்த்தையே இல்லையா?

இருந்துச்சு, இன்னும் இருக்கு. ‘கோன்’, பழைய ஸ்லாவ் வார்த்தை. ரெண்டும் வேலையைப் பிரிச்சுக்கிச்சு. மேல சொன்ன கதையில உழவுக் குதிரை லோஷத், வீரன் ஏறற குதிரை கோன். மெதுவா பேச்சுல லோஷத் பொது வார்த்தையாச்சு, கோன் கவிதைக்கும் வீரகதைக்கும் ஒதுங்கிடுச்சு. இன்னைக்கும் கார் எஞ்சின் குதிரைத்திறனைச் சொல்ல ரஷ்யன்ல லோஷத்ல இருந்து வந்த ‘லோஷதீனயா சீலா’, செஸ் போர்டு மேல நிக்கற குதிரை மட்டும் ‘கோன்’.

ஒண்ணு கவனிங்க. பக்கத்து மொழிகள் பலதுல ‘குதிரை’ங்கற அடிப்படை வார்த்தை மாறவே இல்ல. போலிஷ்ல, செர்பியன்ல, பாரசீகத்துல, ஹிந்தியில எல்லாம் பழைய வார்த்தை அப்படியே தான் இருக்கு. கடனா வந்தது வகை, நிறம், நடை, சாமான், அதாவது சந்தையில கை மாறுற விஷயங்க. ரஷ்யன், மேல சொன்ன எர்சியா, மோக்‌ஷா மாதிரி சில இடத்துல தான் ஒரு வகையோட பேரு வளந்து பொதுப் பேராயிடுச்சு. இதை மனசுல வச்சுக்கிட்டா கீழ இருக்கற பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிடலாம்.

அப்போ துருக்கியக் குதிரைன்னாலே மட்டமான குதிரைன்னு நினைச்சாங்களா?

இல்ல இல்ல, அதே ரஷ்யன்ல ‘அர்கமாக்’னு ஒரு வார்த்தை இருக்கு, அதுவும் துருக்கியம் தான், ஆனா அது ஜார் மன்னரும் பெரிய பிரபுக்களும் ஏறின உசந்த கிழக்கத்திக் குதிரை. ஒரே கூட்டத்துக் கிட்ட இருந்து ஏழைக்கு ஒரு வார்த்தை, பணக்காரனுக்கு ஒரு வார்த்தை. போலந்துக்குப் போன அர்கமாக் தேய்ஞ்சு ‘ருமாக்’ ஆச்சு, இன்னைக்கு போலிஷ்ல ருமாக்னா கவிதையில வர்ற கம்பீரமான குதிரை, நம்ம ‘புரவி’ மாதிரி ஒரு எடுப்பு அதுக்கு.

எண்ணிக்கை எப்படின்னா, 1588ல மாஸ்கோ போன இங்கிலாந்து தூதர் கைல்ஸ் ஃபிளெட்சர், சில வருஷம் 30,000, 40,000 தாத்தார் குதிரைங்க மாஸ்கோவுக்கு ஓட்டிட்டு வரப்படுதுன்னு எழுதியிருக்கார். துருக்கிய மொழி பேசின நோகாய் கூட்டத்து ஆளுங்க ஓட்டிட்டு வந்து சரக்குக்கு மாத்திட்டுப் போவாங்க. அந்தச் சந்தையில நின்னு பேரம் பேசினவன் எந்த மொழியில பேசியிருப்பான்னு யோசிங்க. ரஷ்யன்ல குதிரை மந்தைக்கு ‘தபூன்’, சுருக்குக் கயிறுக்கு ‘அர்கான்’, ரெண்டும் துருக்கியம். ‘நகாய்கா’ங்கற சாட்டைக்குப் பேரே நோகாய் கூட்டத்தோட பேரு தான்.

குதிரை நிறத்துக்கு எல்லாம் ஏன் வேத்து மொழி வார்த்தை, சொந்த மொழியில கறுப்பு சிவப்பு இல்லையா?

இருக்கும், ஆனா குதிரை நிறம் வேற கணக்கு. குதிரைக்கு நம்பர் பிளேட் கிடையாது, விக்கும் போதும் திருடு போய்த் தேடும் போதும் நிறத்தையும் புள்ளியையும் சுழியையும் சொல்லித் தான் அடையாளம் காட்டணும், அதனால விக்கறவன் சொல்ற வார்த்தையே வாங்கறவன் வாயிலயும் வந்துடும். ரஷ்யன்ல மஞ்சள் உடம்பும் கறுப்புப் பிடரியும் இருந்தா ‘புலானி’, உடம்பு முழுக்க வெள்ளை முடி கலந்திருந்தா ‘சாலி’, புள்ளி புள்ளியா இருந்தா ‘சுபாரி’, இதெல்லாம் துருக்கியத்துல இருந்து வந்ததுங்க.

இதுல ஒரு வேடிக்கை ‘கரா’. துருக்கியத்துல கறுப்பு. போலிஷ்ல ‘கரி’ன்னா கறுப்புக் குதிரை, கறுப்புச் சட்டைக்கு அதைச் சொல்ல மாட்டாங்க. ரஷ்யன்ல அதே வார்த்தை ‘கார்யி’, குதிரைக்குச் சொன்னா கரும்பழுப்பு, ஆனா இன்னைக்கு ரஷ்யர்கள் அதை அதிகமா சொல்றது மனுஷங்க கண்ணுக்கு, பழுப்புக் கண்ணுன்னு. குதிரையில இருந்து இறங்கி மனுஷன் முகத்துல ஏறின வார்த்தை.

பாரசீகத்துல துருக்கியக் குதிரை வார்த்தை கழுதையாயிடுச்சுன்னு சொல்றாங்களே, கிண்டலா?

கிண்டல் இல்ல, உண்மை. ‘உலாக்’னா அஞ்சல் குதிரை. மங்கோலியர் காலத்துல வழி நெடுக நிலையம் இருக்கும், தூதன் வந்து குதிரையை மாத்திட்டுப் போவான், குதிரை இல்லைன்னா கண்ணுல பட்ட ஊர்க்காரன் மிருகத்தைப் பிடுங்கிட்டுப் போவான். அப்படி ‘பிடுங்கப்படுற, சுமக்கற மிருகம்’னு அர்த்தம் கீழ இறங்கி, இன்னைக்கு ஈரான்ல ‘ஒலாக்’னா கழுதை. பழைய பாரசீக வார்த்தை ‘கர்’ இருக்கு, ஆனா அது கொஞ்சம் கொச்சையா படுதாம், ஒலாக் தான் மரியாதையாம். கழுதைக்கு மரியாதை! அதே வார்த்தை துருக்கி மொழியில ‘உலாக்’னே நின்னு, மிருகத்தை விட்டுட்டு மேல இருந்த ஆளுக்குப் போயிடுச்சு, அங்க அது தூதன்.

‘யாபூ’வும் அப்படித் தான், பொதி சுமக்கற குதிரை, துருக்கியத்துல இருந்து பாரசீகத்துக்கு வந்துச்சு, இப்போ ஈரான்ல ஒருத்தனை யாபூன்னு சொன்னா அடி விழும்.

பாரசீகத்துல குதிரை சம்பந்தமா வேற என்ன துருக்கிய வார்த்தை இருக்கு?

நிறைய. குதிரை மந்தைக்கு ‘ஈல்கி’, நம்ம மேல பாத்த ஜில்கி தான் அது. குலுங்காம சீரா நடக்கற குதிரை ‘யோர்கா’. சாட்டை ‘கம்ச்சி’. அஞ்சல் ஓட்டத்துக்கு ‘சாப்பார்’, நாலு கால் பாய்ச்சல்ல ஓடறதுக்கான வினையில இருந்து வந்தது, கஜார் வம்சம் ஈரானை ஆண்ட காலத்துல அந்த அஞ்சல் நிலையத்துக்கு சாப்பார்கானான்னு பேரு.

எல்லாத்துலயும் எனக்குப் பிடிச்சது ‘யதக்’. பெரிய மனுஷன் பயணம் போகும் போது அவர் ஏறின குதிரை போக, கூடவே ஒரு குதிரையைக் கையில பிடிச்சு நடத்திக் கூட்டிட்டு வருவாங்க, இது களைச்சா அதுல ஏறிக்க. அந்த உபரிக் குதிரை தான் யதக். இன்னைக்கு டெஹ்ரான்ல கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை போர்டுல ‘லவாசெமெ யதகி’ன்னு இருக்கும், உபரிச் சாமான்னு அர்த்தம். பிரேக் பேட் வாங்கப் போறவன் யாரும் குதிரையை நினைக்கறது இல்ல.

பால்கன் பக்கம் ஆட்டோமன்காரங்க எத்தனையோ நூறு வருஷம் ஆண்டாங்க, அங்க ‘அத்’ போகலையா?

போச்சு, ஆனா பட்டு ஜிப்பா போட்டுக்கிட்டுப் போச்சு. கிரேக்கத்துல ‘ஆதி’, அல்பேனியன்லயும் பல்கேரியன்லயும் ‘அத்’, செர்பியன்ல ‘அத்’, ‘ஹத்’. எல்லாத்துலயும் அர்த்தம் சாதாரணக் குதிரை இல்ல, உசந்த சாதி பொலிகுதிரை இல்லைன்னா அரபுக் குதிரை. ஆட்சி பண்ணினவன் ஏறின குதிரைக்கு ஆட்சி பண்ணினவன் சொன்ன பேரு. உழற குதிரை செர்பியன்ல கோன் உறவுல வர்ற ‘கோஞ்’ தான். ரஷ்யன்ல நடந்ததுக்கு நேர் எதிர் இது, அங்க துருக்கிய வார்த்தை ஏர்ல கட்டின குதிரைக்குப் போச்சு, இங்க பாஷா, அதாவது ஆட்டோமன் பெரிய அதிகாரி, ஏறின குதிரைக்கு.

பாட்டுல இன்னும் அழகு. போஸ்னியாவுல குஸ்லேங்கற ஒத்தைத் தந்தி வாத்தியத்தை வச்சுப் பாடற வீரகதைகள்ல முயோங்கற வீரனோட குதிரை ‘ஜோகத்’. பிரிச்சா துருக்கி மொழி ‘கோக்’, ‘அத்’. கோக்னா நீலம், வானத்து நிறம், குதிரைக்குச் சொன்னா வெளுத்த சாம்பல். போஸ்னிய வாயில ‘கோ’ ‘ஜோ’ ஆயிடுச்சு. அல்பேனிய மலைப் பாட்டுலயும் அதே முயோ, அங்க குதிரை ‘ஜோக்’. பழுப்புக்கு ‘தோரத்’, செம்பட்டைக்கு ‘அலத்’னு இன்னும் சிலது, எல்லாத்தோட வாலையும் பாருங்க, ‘அத்’ ஒட்டிட்டு இருக்கும். 1930கள்ல மில்மன் பாரிங்கற அமெரிக்க ஆராய்ச்சிக்காரர் யூகோஸ்லாவியாவுல ஊர் ஊராப் போய் இந்த மாதிரிப் பாடகர்களை ரெக்கார்ட் பண்ணினார், எழுதப் படிக்கத் தெரியாத ஆளுங்க ஆயிரக்கணக்கான வரி பாடினாங்க.

ஹங்கேரிக்காரங்க குதிரைக்காரங்க தானே, அவங்க மொழி முழுக்க துருக்கிய வார்த்தையா இருக்கணுமே?

எல்லாரும் ஏமாறற இடம் இது. ஹங்கேரியன்ல துருக்கியக் கடன் ஏராளம், காளைக்கு ‘பிகா’, எருதுக்கு ‘ஓகோர்’, கன்னுக்கு ‘போர்யூ’, பார்லிக்கு ‘ஆர்பா’, ஆப்பிளுக்கு ‘அல்மா’. ஆனா குதிரைக்கு ‘லோ’, சேணத்துக்கு ‘நியெரெக்’, ரெண்டும் சொந்த வார்த்தை. யூரல் மலைக்கு அந்தப் பக்கம் மான்சி, ஹன்தி மொழிகள்ல இதோட உறவுக்கார வார்த்தைங்க இருக்கு. அதாவது துருக்கியரைச் சந்திக்கறதுக்கு முன்னாடியே அவங்க குதிரை ஏறிட்டாங்க, தொழுவமும் வயலும் தான் பிறகு கத்துக்கிட்டது. மூணு வயசுக் குதிரைக்கு அங்க ‘ஹர்மத்ஃபூ’ன்னு பேரு, ‘மூணாம் புல்’னு அர்த்தம், மூணு வருஷப் புல்லு மேஞ்சதாம்.

குதிரைக் காலைச் சேத்துக் கட்டற தளைக்கு மட்டும் ‘பேக்யோ’ன்னு ஒரு துருக்கிய வார்த்தை இருக்கு. இப்போ அது பெரும்பாலும் அடிமைத்தளைன்னு மேடைப் பேச்சுல தான் வருது.

மங்கோலியம் எது, துருக்கியம் எதுன்னு எப்படிப் பிரிக்கறீங்க? ரெண்டும் ஒரே ஆளுங்க தானே?

ஒரே ஆளுங்க இல்ல, ஆனா ரொம்ப நாள் ஒரே புல்லுல மேஞ்சவங்க, அதனால தலைவலி தான். மங்கோலியத்துல குதிரை ‘மோரின்’. ரஷ்யன்ல காயடிச்ச குதிரைக்கு ‘மேரின்’, அது மங்கோலியக் கடன், துருக்கியக் கணக்குல சேக்கக் கூடாது. ‘சாம்பல் மேரின் மாதிரி பொய் சொல்றான்’னு ரஷ்யன்ல ஒரு வசவு உண்டு, அந்தக் குதிரை என்ன பாவம் பண்ணுச்சோ.

கடன் ரெண்டு பக்கமும் போகும். கசாக்ல பாத்த ‘குனான்’, ‘தோனென்’ மங்கோலியத்துல இருந்து வந்தவை, அங்க மூணுக்கும் நாலுக்கும் உள்ள எண்ணுப் பேரோட உறவு அதுங்களுக்கு. அடுத்து வர்ற ‘பெஸ்தி’ துருக்கிய ‘பெஸ்’, அதாவது அஞ்சுல இருந்து வந்தது. பாருங்க, மூணு வயசும் நாலு வயசும் மங்கோலியப் பேரு, அஞ்சாவது வயசு துருக்கியப் பேரு, குதிரை ஒண்ணு தான். பிரிக்கற வழியும் இது தான், அந்த வார்த்தை எந்த மொழியோட சொந்த வேரால விளங்குதோ அங்க பிறந்ததுன்னு எடுத்துக்கறது. அது கூட எழுத்துல முதல்ல எங்க எப்போ வருதுங்கறதும், சத்தம் எந்த வழியில தேய்ஞ்சிருக்குங்கறதும் சேத்துப் பாப்பாங்க. ‘காதிர்’னு கோவேறு கழுதைக்கு ஒரு வார்த்தை இருக்கு, பாரசீகத்துலயும் இருக்கு, அது துருக்கிய வேரா இல்ல நடு ஆசியாவுல பழைய ஈரானிய மொழி ஒண்ணு பேசின சோக்தியன்காரங்க கிட்ட இருந்து துருக்கியத்துக்கே வந்ததான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. கோவேறு கழுதைக்குப் பூர்வீகம் தகராறா இருக்கறது பொருத்தம் தான்.

சீனாக்காரங்க குதிரைக்காகவே சண்டை போட்டவங்க, சீனத்துல துருக்கிய வார்த்தை இல்லையா?

பொது வார்த்தையா பெருசா இல்ல, ஆனா பேர்கள்ல இருக்கு. தாங் பேரரசர் தைசோங் தான் ஏறிச் சண்டை போட்ட ஆறு குதிரையைத் தன் சமாதிக்காகக் கல்லுல செதுக்க வச்சார், 7ஆம் நூற்றாண்டு. அதுல ஒண்ணு ‘தெலெபியாவ்’, அந்த ‘தெலெ’ங்கறது ‘தெகின்’கற துருக்கியப் பட்டத்தை எழுதும் போது எழுத்து மாறிப் போனதுன்னு சொல்றாங்க, மேல பாத்த குல் தெகின் பேர்ல இருக்கே, அதே தெகின். இன்னொண்ணு ‘சாலுசி’, நெஞ்சுல அம்பு பாஞ்ச குதிரை, தளபதி சியு சிங்கோங் முன்னாடி நின்னு அந்த அம்பை உருவற மாதிரி செதுக்கியிருக்கும், குதிரை தலையை அவர் மேல சாய்ச்சு நிக்கும். அந்தப் பேர்ல ‘இஷ்பரா’ங்கற துருக்கியப் பட்டம் இருக்குன்னு ஒரு விளக்கம். ஆறுல நாலு சிஆன்ல இருக்கு, சாலுசியும் இன்னொண்ணும் 1910கள்ல நாட்டை விட்டுப் போய் இப்போ ஃபிலடெல்ஃபியா பென் மியூசியத்துல.

ஹிந்தி, உருதுல? முகலாயர் துருக்கிய வம்சம் ஆச்சே.

பாபர் வீட்டுல பேசினது சகதாய் துருக்கியம், அவர் நினைவுக்குறிப்பே அந்த மொழியில தான், அதுல நல்ல சாதிக் குதிரைக்கு ‘திபுச்சாக்’னு அடிக்கடி வரும். ஆனா இங்க வந்த ரெண்டு மூணு தலைமுறையில அரண்மனை மொழி பாரசீகம் ஆயிடுச்சு, அதனால துருக்கிய வார்த்தை நேரா இறங்காம பாரசீகம் வழியா தான் இறங்குச்சு. அக்பர் காலத்து ஐனே அக்பரியில அபுல் ஃபசல் குதிரையை ஏழு தரமா பிரிக்கறார், அரபு, பாரசீகம், முஜன்னஸ், துர்கி, யாபூ, தாசி, ஜங்லா. அதுல யாபூவைப் பாத்தீங்களா, ஈரான்ல அடி வாங்கித் தர்ற அதே யாபூ, இங்க துர்கிக்கு அடுத்த தரம், துர்கியும் மட்டமான சாதியும் கலந்து பிறந்தது.

ஹிந்தியில ‘கோதல்’னு ஒரு வார்த்தை உண்டு, ராஜ ஊர்வலத்துல யாரும் ஏறாம அலங்காரம் பண்ணி வெறுமனே நடத்திட்டுப் போற குதிரை. யதக் மாதிரியே கையில பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதுன்னு தான் மூலம், துருக்கிய, மங்கோலிய வழி. சாட்டைக்கு இருந்த கம்ச்சி இங்க ‘கம்ச்சி’ன்னே வந்து மெல்லிசு குச்சி, பிரம்புன்னு ஆச்சு. ஹிந்தியில குதிரைக்குச் சொல்ற ‘கோடா’வை மட்டும் துருக்கியம்னு சொல்லிடாதீங்க, சமஸ்கிருத ‘கோட’ துருக்கியர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கற வார்த்தை.

சமஸ்கிருதத்துல கூட துருக்கியக் குதிரைப் பேரு இருக்குன்னு படிச்சேன், சரியா?

பாதி சரி. 12ஆம் நூற்றாண்டுல குஜராத்ல ஹேமசந்திரர் எழுதின அகராதியிலயும், கல்யாணியை ஆண்ட சாளுக்கியர் மூன்றாம் சோமேஸ்வரரோட மானசோல்லாசத்துலயும் விசித்திரமான குதிரைப் பேருங்க வரும். வெள்ளைக்கு ‘கோகாஹ’, பால் நிறத்துக்கு ‘சேராஹ’, சிவப்புக்கு ‘கியாஹ’, இன்னும் ‘வொல்லாஹ’, ‘வோருகான’. கேட்டாலே சமஸ்கிருதம் இல்லைன்னு தெரியுது, ஹேமசந்திரரே இதெல்லாம் பெரும்பாலும் தேசிச் சொல், அதாவது சமஸ்கிருத வேர் இல்லாத வழக்குச் சொல்னு தான் சொல்றார். குதிரை வியாபாரிங்க வாயில வந்த பேருங்க.

ஆனா எது பாரசீகம், எது அரபு, எது துருக்கியம்னு வார்த்தை வார்த்தையா ஆராய்ச்சிக்காரங்க ஒத்துக்கல. அதனால ‘சமஸ்கிருதத்துல துருக்கிய வார்த்தை’ன்னு பட்டியல் போட்டு யாராவது பகிர்ந்தா கொஞ்சம் நிதானமா படிங்க.

தமிழ்ல ஏதாவது இருக்கா? லகான், சவுக்கு எல்லாம் துருக்கியம் தானே?

இல்ல, அது ரெண்டும் பாரசீகம். லகான், சவுக்கு, சவாரி, சேணத்துக்குச் சொல்ற ஜீனி, எல்லாம் பாரசீகத்துல இருந்து வடக்கு வழியா வந்ததுங்க. பஞ்சகல்யாணி மாதிரி லட்சணப் பேருங்க சமஸ்கிருதம். ‘குதிரை’ நம்ம சொந்தம், கன்னடத்துல ‘குதுரெ’. துருக்கியத்துல இருந்து தமிழுக்கு வந்தது துப்பாக்கி, பகதூர், பேகம் மாதிரி படையும் பட்டமும் தான், குதிரை லாயத்துக்குள்ள ஒண்ணும் வரல.

காரணம் கப்பல். பாண்டிய நாட்டுக்குக் குதிரை கடல் வழியா வந்துச்சு, ஹோர்முஸ், கிஷ் தீவு, ஏடன் பக்கத்துல இருந்து காயல் துறைக்கு. வஸ்ஸாஃப்ங்கற பாரசீக எழுத்தாளர் கிஷ்ல இருந்து ஒரே வியாபாரி கணக்குல வருஷம் 1,400 குதிரைன்னு எழுதி வச்சிருக்கார். ஸ்டெப்பிக்காரன் நேரா நம்ம ஊர்ச் சந்தையில நின்னு பேரம் பேசல, அரபுக்காரனும் பாரசீகக்காரனும் பேசினாங்க. ‘ராவுத்தர்’ பத்தியும் கேப்பாங்க, குதிரை வீரர்னு அர்த்தம் உண்டு தான், ஆனா அது ‘ராஜபுத்ர’ தேய்ஞ்சு ‘ராவுத’ ஆனதுன்னு சொல்றாங்க, துருக்கியம் இல்ல.

துரகம்னா குதிரை, துருக்கின்னா நாடு. ரெண்டும் ஒண்ணு தானே, இதை விட என்ன ஆதாரம் வேணும்?

வாரத்துக்கு ஒருத்தர் இதைக் கொண்டு வர்றாங்க. ‘துரகம்’, ‘துரங்கம்’ சமஸ்கிருதம், ‘துர’ன்னா வேகம், ‘க’ன்னா போறது, வேகமா போறது. உரகம், விஹகம் எல்லாம் இதே அச்சு தான், நெஞ்சால போறது பாம்பு, வானத்துல போறது பறவை. துருக்கருக்கு சமஸ்கிருதத்துல ‘துருஷ்க’ன்னு தனியா வார்த்தை இருக்கு, நம்ம ‘துலுக்கர்’ அந்த வழி. முதல் ரெண்டு எழுத்து ஒத்துப் போறது மட்டும் ஆதாரம் ஆகாது, குறைஞ்சது ஒரு வேர், ஒரு வழி, ஒரு காலம் மூணும் சேரணும்.

அப்படின்னா கரா - கரு, சீனத்து ‘மா’ - தமிழ் ‘மா’, இதெல்லாம் கூட தற்செயலா? இத்தனை தற்செயலா?

ஆமா, இத்தனையும் தான். துருக்கியக் கராவும் தமிழ்க் கருவும் ரெண்டு எழுத்து நீளம், உலகத்துல ஆறாயிரம் ஏழாயிரம் மொழி இருக்கு, இவ்வளவு குட்டி வார்த்தை எங்கயாவது முட்டிக்காம இருந்தா தான் ஆச்சரியம். ஜப்பானியத்துல கறுப்புக்கு ‘குரோ’, அதையும் சேத்து ஒரே குடும்பம்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, பெரும்பாலான மொழியியல்காரங்க ஏத்துக்கல.

‘மா’ இன்னும் தெளிவு. தமிழ்ல மா குதிரைக்கு மட்டும் சொந்தம் இல்ல, மிருகம்னு பொது வார்த்தை, யானையும் மா தான், குதிரைன்னு குறிப்பாச் சொல்ல ‘பாய்மா’, ‘கலிமா’ன்னு அடை போட வேண்டியிருக்கு. சீனத்து ‘மா’ குதிரைக்கு மட்டும், அதுவும் அந்த உருவம் பின்னாடி வந்தது, பழைய சீனத்துல ‘ம்ரா’ மாதிரி ஒரு சத்தம்னு மீட்டெடுத்திருக்காங்க. அந்த ‘ர’ இருக்கறதால தான் மங்கோலிய ‘மோரின்’, கொரிய ‘மல்’, ஏன் இங்கிலீஷ் ‘மேர்’ வரைக்கும் இழுத்து, குதிரை கூடவே ஸ்டெப்பி முழுக்க நடந்து போன ஒரு பழைய வார்த்தையா இருக்குமோன்னு சிலர் யோசிக்கறாங்க. நிரூபணம் ஆகல. ஆனா அந்த வரிசையில துருக்கிய ‘அத்’துக்கு இடமே கிடையாது, அது தனி வார்த்தை.